உச்சிப்புளியில் இருந்தபடியே லினக்ஸ் சர்வர் நிர்வாகம் பழக ஒரு வழி

“சர்வர் வேலை பழகப் போறேன்” என்று வீட்டில் சொன்ன அன்று அம்மா கேட்டது, “எந்த ஓட்டல்லடா?” நான் சொன்ன சர்வர், வலைத்தளங்களையும் கோப்புகளையும் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும் கணினி. லினக்ஸ் அதை இயக்கும் இயங்குதளம். அம்மாவின் குழப்பம் தீர ஒரு வாரம் ஆனது. என் குழப்பம் தீர ஒன்றரை வருடம் ஆனது. இடையில் மதுரையில் ஒரு பயிற்சி நிலையத்துக்கு 28,000 ரூபாய் கட்டினேன். வாரம் இரண்டு நாள் விடியற்காலையில் கிளம்பி ராமநாதபுரம் போய், அங்கிருந்து 110 கிலோமீட்டருக்கு மேல் பஸ். மூன்று மாதம் முடிந்ததும் லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். அந்த மூன்று மாதத்தில் ஒருநாள்கூட, முழு அதிகாரமுள்ள ‘ரூட்’ கணக்கின் பாஸ்வேர்டை எங்கள் கையில் கொடுக்கவில்லை. மாணவர்கள் கெடுத்துவிடுவார்களாம்.

கெடுத்து, முழித்து, சரிசெய்தால்தான் இந்த வேலை பிடிபடும். அதற்குச் சொந்தமாக ஓர் இயந்திரம் வேண்டும், பழையதே போதும். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று நம் ராமநாதபுரம் கரையில் எங்கே இருந்தாலும் சரி, தினம் இரண்டு மணிநேரம் ஒதுக்கினால் ஒன்பது பத்து மாதத்தில் முதல் வேலைக்குத் தயாராகலாம். தேர்வுக் கட்டணம் நீங்கலாக 15,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். நான் போன வரிசையில் இதை எழுதவில்லை, போயிருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. இயந்திரம்: டெஸ்க்டாப் வேண்டாம், பழைய லேப்டாப் வாங்குங்கள்

நான் முதலில் வாங்கியது டெஸ்க்டாப். தவறு. நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். அது போக, காற்றடித்தால் போகும், ஒரு தூறல் போட்டாலும் போகும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டிலும், கரண்ட் மாறும் அந்த ஒரு நொடியில் டெஸ்க்டாப் அணைந்து அணைந்து எரிந்தது. இரண்டாவது மாதமே டிஸ்க்கில் பிழை காட்ட ஆரம்பித்துவிட்டது. லேப்டாப்புக்குப் பேட்டரி இருப்பதால் யுபிஎஸ் தனியாக வாங்க வேண்டியதில்லை.

அலுவலகங்கள் கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட் போன்றவை சர்வீஸ் கடைகளில் கிடைக்கும். நான் வாங்கியது 9,000 ரூபாய். 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் போதும். திரையில் கீறல் இருந்தால் கவலை இல்லை, அதைக் காட்டி 500 ரூபாய் குறைத்துக் கேளுங்கள். காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே மூன்று விஷயம் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணிநேரம் ஓடுகிறதா? லேன் கேபிள் சொருகும் துளை இருக்கிறதா? துவங்கும்போது வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போனால் விர்ச்சுவலைசேஷன் (ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் வசதி) என்ற அமைப்பு இருக்கிறதா? கடைசி ஒன்று இல்லாவிட்டால் ஐந்தாம் படியில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடல் பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். உப்புக்காற்று ஸ்க்ரூவை மட்டும் தின்பதில்லை. ஒருநாள் என் லேப்டாப் விளக்கு மட்டும் எரிந்து, திரை வராமல் நின்றது. மதர்போர்டு போய்விட்டது, 4,500 ரூபாய் ஆகும் என்றார் ஒரு கடைக்காரர். இன்னொருவர் சிரித்துக்கொண்டே பேட்டரியைக் கழற்றி, ரேமை எடுத்து, அதன் தங்கநிறப் பட்டைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் தூளை ஊதிவிட்டுத் திரும்பச் சொருகினார். திரை வந்துவிட்டது. டீக்குக் காசு கொடுத்தேன். இப்போது மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் நானே அதைச் செய்கிறேன். ஜன்னல் ஓரத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

ரவுட்டருக்கென்று 12 வோல்ட் மினி யுபிஎஸ் வருகிறது, ஆயிரம் ஆயிரத்தைந்நூறு ரூபாய். கேபிள்காரர் ஃபைபர் கொடுத்திருந்தால் வாங்குங்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்களுக்குத் தேவையில்லை.

2. எந்த லினக்ஸ்?

லினக்ஸ் பல பெயர்களில் பல வகையாக வருகிறது. எதை எடுப்பது என்ற கேள்வியில் ஒரு மாதத்தைத் தொலைத்தேன். நீங்கள் ஒரு நாள்கூடத் தொலைக்க வேண்டாம்: டெபியன் 13. இது 2025 ஆகஸ்டில் வந்தது. உபுண்டு சர்வர் 24.04 பிடித்திருந்தால் அதுவும் சரிதான், 2029 வரை இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பின்னால் ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் தேர்வு எழுதுவதாக இருந்தால், அவர்களுடைய லினக்ஸை ஒத்த அல்மா லினக்ஸோ ராக்கி லினக்ஸோ இரண்டாவதாகப் பழகிக்கொள்ளலாம். முதலிலேயே மூன்றையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள்.

பழைய பாடங்களிடம் கவனமாக இருங்கள். யூடியூபில் கொட்டிக் கிடப்பதில் பாதி சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸை வைத்து எடுத்தவை. அதன் ஆயுள் 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தக் கட்டளைகளை அப்படியே அடித்தால் பாதி வேலை செய்யாது. உங்கள் மேல்தான் தப்பு என்று நினைத்து நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள்.

இறக்குவது எப்படி? தினம் 1.5 ஜிபி என்று அளந்து வரும் டேட்டாவை வைத்திருப்பவர்கள் டெபியனின் ‘நெட்இன்ஸ்ட்’ என்ற சிறிய நிறுவல் கோப்பை எடுங்கள். 1 ஜிபிக்குள் முடிந்துவிடும். டிவிடி கோப்பு பல மடங்கு பெரியது, உபுண்டு சர்வரும் ஒரு நாள் டேட்டாவுக்குள் அடங்காது. இறக்கும்போது பாதியில் அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ‘டபிள்யூகெட்’ கட்டளையோடு சிறிய ‘சி’ விருப்பத்தைச் சேர்த்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இறங்கியதும் ஷா256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடுங்கள். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் இறக்கிய கோப்பு கெட்டிருப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. அதை ஒப்பிடாமல் நான் ஒரே பென்டிரைவை நான்கு முறை எழுதியிருக்கிறேன்.

3. நிறுவும்போது சறுக்கும் இடங்கள்

நிறுவும் திரைகள் சுலபம், அவற்றை ஒவ்வொன்றாக விளக்கப் போவதில்லை. எல்லோரும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

டெபியன் நிறுவும்போது ரூட் பாஸ்வேர்டு கேட்கும். அங்கே ஒன்றும் போடாமல் காலியாக விட்டு மேலே போனால், உங்கள் பயனருக்கே சூடோ (நிர்வாகியாகக் கட்டளை ஓட்டும்) உரிமை கொடுத்துவிடும். பாஸ்வேர்டு போட்டால் சூடோ வராது. பிறகு எந்தப் பாடத்தைப் பார்த்து ‘சூடோ’ என்று அடித்தாலும், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று சொல்லும். ரூட் பாஸ்வேர்டு போட்டே ஆக வேண்டும் என்றால், ரூட்டாக மாறும்போது ‘எஸ்யு’ என்பதோடு ஓர் இடைவெளியும் ஒரு சிறு கோடும் சேர்த்து அடியுங்கள். அந்தக் கோட்டை விட்டால் நிர்வாகக் கட்டளைகள் பல கண்ணில் படாது. ஒரு கோட்டுக்காக இரண்டு நாள் போனது எனக்கு.

டிவிடி கோப்பிலிருந்து நிறுவியிருந்தால், பின்னால் மென்பொருள் நிறுவும் ‘ஆப்ட்’ கட்டளை ஒவ்வொரு முறையும் டிவிடியைப் போடு என்று கேட்கும். அது பார்க்கும் சோர்சஸ் பட்டியலில் ‘சிடிராம்’ என்று ஆரம்பிக்கும் வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டால் தீர்ந்தது.

அப்புறம் லேப்டாப் மூடி. சர்வராக்கிவிட்டோம் என்று மூடியைச் சாத்தினால் அது தூங்கிவிடும். ‘லாகின்ட்’ அமைப்புக் கோப்பில் ‘ஹேண்டில்லிட்ஸ்விட்ச்’ என்ற வரியை ‘இக்னோர்’ என்று மாற்றி மறுதொடக்கம் செய்யுங்கள்.

டெஸ்க்டாப் சூழல் வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் மற்ற டிக்கையெல்லாம் எடுத்துவிடுங்கள், ‘எஸ்எஸ்எச் சர்வர்’ (வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையும் வழி), ‘ஸ்டாண்டர்டு சிஸ்டம் யுடிலிட்டீஸ்’ இரண்டு மட்டும் இருக்கட்டும். கருப்புத் திரை வரும். முதல் வாரம் பயமாக இருக்கும்.

4. முதல் இரண்டு மாதம்: எட்டு விஷயம், ஒரு நோட்டு

கோப்பு, உரிமை, பயனர், பேக்கேஜ் (மென்பொருள் பொதி), சர்வீஸ் (பின்னணியில் ஓடும் புரோகிராம்), லாக் (நடந்ததைப் பதியும் குறிப்பு), நெட்வொர்க், டிஸ்க். இந்த எட்டும்தான் முதல் இரண்டு மாதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் வையுங்கள். மிச்சமாகும் நாட்களை உரிமைக்கும் லாகுக்கும் கூடுதலாக வையுங்கள். டாக்கர், குபர்நெட்டீஸ் போன்ற பெரிய கருவிகள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள், அதெல்லாம் அப்புறம்.

விசைப்படகுக்குப் போகும் வீடுகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வலை பின்னும் வேலை, படகு மராமத்து போக மாலையில் நேரம் கிடைக்கும். இந்த எட்டையும் முடிக்க அது சரியான அளவு. ஆனால் வீட்டில் காசு இறுகும் மாதங்களும் அவையே. அப்போது யாராவது “இந்த வாரம் சேர்ந்தால் பாதிக் கட்டணம்” என்று சொன்னால் மயங்காதீர்கள்.

தமிழில் கேட்க வேண்டும் என்றால், மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலில் இலவசமாக உள்ளன. கணியம் தளத்திலும் தமிழில் நிறைய படிக்கலாம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் நான் முதல்வன் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு என்ன ஒதுக்கியிருக்கிறார்கள் என்று ஒருமுறை விசாரியுங்கள். இவை தவிர, ‘மேன்’ என்று அடித்தால் வரும் கையேடு உங்கள் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. நெட் இல்லாத நாளில் அதுதான் வாத்தியார். ஆங்கிலம்தான், வறட்டு ஆங்கிலம். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தால் பழகிவிடும்.

நோட்டு என்றால் கடையில் வாங்கும் 40 ரூபாய் நோட்டுதான். தேதி, நான் அடித்த கட்டளை, திரையில் வந்த பிழை, உண்மையான காரணம், தீர்த்த விதம். ஒரு கோளாறுக்கு ஒரு பக்கம். சாட்பாட் சொன்னதை ஒட்டிச் சரியானால்கூட, எதனால் சரியானது என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுத வரவில்லை என்றால் அந்தப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டு வையுங்கள். என் முதல் நோட்டில் 61 பக்கம், அதில் 19 கேள்விக்குறி. பின்னால் நேர்காணலில் என்னைக் காப்பாற்றியது சான்றிதழ் இல்லை, அந்த நோட்டுதான்.

‘பர்மிஷன் டினைட்’ (உரிமை இல்லை) வந்ததும், எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுக்கும் ‘சிஎச்மாட் 777’ போடு என்று யாராவது சொல்லுவார்கள். போடாதீர்கள். கதவு திறக்கவில்லை என்று சுவரை இடிக்கிற வேலை அது. எல்லாக் கோப்புகளுக்கும் மேலே இருக்கும் ரூட் அடைவில் அதைப் போட்டுவிட்டு, எஸ்எஸ்எச்சும் உள்ளே விடாமல், முழுதாகத் திரும்ப நிறுவியது என் நோட்டின் ஏழாம் பக்கம்.

5. வேண்டுமென்றே கெடுங்கள்

மூன்றாம் மாதம். கேவிஎம் என்ற மென்பொருளைப் போட்டு, அதே லேப்டாப்புக்குள் இரண்டு மூன்று மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 ஜிபி ரேம் போதும். கெடுப்பதற்கு முன் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்) எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கை கூசாமல் கெடுங்கள்.

முதலில் ‘எஃப்எஸ்டாப்’. துவங்கும்போது எந்த டிஸ்க்கை எங்கே பொருத்துவது என்று சொல்லும் கோப்பு அது. அதில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு ‘எமர்ஜென்சி மோட்’ என்று நின்றுவிடும். மெய்நிகர் இயந்திரத்தில் இது விளையாட்டு. வெளியூரில் இருக்கும் சர்வரில் நடந்தால் வியர்க்கும். அதனால் பழக்கம் ஒன்று: இந்தக் கோப்பைத் தொட்டால், மறுதொடக்கத்துக்கு முன் ‘மவுண்ட்’ கட்டளையை ‘ஏ’ விருப்பத்தோடு ஓட்டிப் பார்ப்பது. வெளி ஹார்ட் டிஸ்க் வரியில் ‘நோஃபெயில்’ சேர்ப்பது.

அடுத்து, டிஸ்க்கை நிரப்புங்கள். பெரிய லாக் கோப்பு ஒன்றை ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும்போதே அழித்துப் பாருங்கள். கோப்புகளின் அளவைக் கூட்டும் ‘டியு’ எண்ணினால் இடம் காலி, டிஸ்க்கின் மொத்தக் கணக்கைச் சொல்லும் ‘டிஎஃப்’ கேட்டால் நிரம்பியிருக்கிறது என்னும். இரண்டும் உண்மைதான். கோப்பின் பெயர் போய்விட்டது, ஆனால் அந்தப் புரோகிராம் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் ‘எல்எஸ்ஓஎஃப்’ போட்டுப் பார்த்தால் ‘டெலீட்டட்’ என்று காட்டும். அந்த சர்வீஸை மறுதொடக்கம் செய்தால் இடம் வந்துவிடும். என்னிடம் நேர்காணலில் இரண்டு இடத்தில் இதையே கேட்டார்கள்.

ரூட் பாஸ்வேர்டை மறந்தது போல நடித்து மீட்டுப் பாருங்கள். தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸைக் கெடுத்துப் பாருங்கள். கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் ஐநோட் தீர்ந்துபோகிற மாதிரி லட்சக்கணக்கில் காலிக் கோப்பு உருவாக்கிப் பாருங்கள். எல்லாம் நோட்டில் ஏறட்டும்.

6. வாடகை சர்வர்: காசு கைமீறும் இடம்

வீட்டு லேப்டாப்பை வெளியிலிருந்து தொட முடியாது. போன் டேட்டாவிலும், ஊர்க் கேபிள் ஃபைபர் பலவற்றிலும் பல வீட்டுக்கு ஒரே பொது இணைய முகவரி. ரவுட்டரில் போர்ட் (வெளி இணைப்பு உள்ளே வரும் வழி) திறந்து திறந்து பார்த்துவிட்டுக் கேபிள்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், நான் போயிருக்கிறேன். நான்காம் மாதம் 1 ஜிபி ரேம் உள்ள ஒரு சிறு சர்வரை இணையம் வழியாக ஒரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுங்கள். மாதம் 400 முதல் 700 ரூபாய். மூன்று மாதத்துக்குமேல் தேவைப்படாது.

காசு கட்டுவதில் சில சிக்கல்கள். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி அது. வங்கி ஆப்பில் போய்த் திறந்து, உச்சவரம்பை 1,000 ரூபாயாக வையுங்கள். விலைப்பட்டியலில் டாலரில் இருப்பதோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் வங்கியின் மாற்றுக் கட்டணமும் சேரும். கார்டில் இருக்கும் பெயரும் கணக்கில் கொடுக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சரிபார்ப்பு என்று நான்கு நாள் இழுப்பார்கள்.

பெரிய பொறி இதுதான். சர்வரை அணைத்துவிட்டால் வாடகை நின்றுவிடாது. தீபாவளிக்கு முன் மூன்று சர்வரை அணைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு நிறுவனத்திடமிருந்து 3,140 ரூபாய்க்கு பில் வந்தது. கேட்டால், டிஸ்க்கும் முகவரியும் இன்னும் உங்கள் பெயரில்தானே இருக்கின்றன என்றார்கள். நியாயம்தான். வேலை முடிந்தால் அணைக்காதீர்கள், அழித்துவிடுங்கள். முதல் நாளே 300 ரூபாய், 600 ரூபாய் தொட்டால் மெயில் வரும்படி எச்சரிக்கை வைத்துவிடுங்கள்.

டொமைன் பெயர் (வலைத்தளத்தின் பெயர்) முதல் வருடம் 99 ரூபாய் என்பார்கள். இரண்டாம் வருட விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தளத்தைப் பாதுகாப்பாகத் திறக்க உதவும் எச்டிடிபிஎஸ் சான்றிதழுக்குக் காசு கொடுக்க வேண்டாம், லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. அதன் ஆயுள் 90 நாள், தானாகப் புதுப்பிக்கிறதா என்று ஒத்திகை பாருங்கள். காலாவதி நெருங்கினால் மெயில் அனுப்பும் வழக்கத்தை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். பழக்கத்தில் திரும்பத் திரும்ப எடுத்தால் ஒரே பெயருக்கு வாரத்துக்கு ஐந்தோடு கதவைச் சாத்திவிடுவார்கள். பழகும்போது சோதனைக்கென்று இருக்கும் ‘ஸ்டேஜிங்’ முகவரியைப் பயன்படுத்துங்கள்.

7. பூட்டு போடுங்கள், சாவியை உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள்

வாடகை சர்வர் உயிர்பெற்ற சில நிமிடத்தில் ‘ஜர்னல்சிடிஎல்’ போட்டு எஸ்எஸ்எச் லாகைப் பாருங்கள். ரூட், அட்மின், டெஸ்ட் என்று யார் யாரோ பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்களைக் குறிவைத்து யாரும் வரவில்லை. ஊர் ஊராகக் கதவை ஆட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் அவை.

செய்ய வேண்டியது மூன்று: பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக் கோப்பு வழியாக மட்டும் நுழைவு, ரூட் நேரடி நுழைவுக்குத் தடை, ஃபயர்வால் (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் அரண்). வரிசை முக்கியம். ஃபயர்வாலில் முதலில் எஸ்எஸ்எச்சை அனுமதித்துவிட்டு அப்புறம் இயக்குங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் நீங்கள் வெளியே, சர்வர் உள்ளே. எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றும்போது பழைய இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள்.

இரண்டு நுணுக்கம். பாஸ்வேர்டு நுழைவை முதன்மைக் கோப்பில் மூடியும் அது திறந்தே இருந்தால், பக்கத்து அடைவில் ‘கிளவுட்இனிட்’ பெயரில் ஒரு கோப்பு அதைத் திறந்து வைத்திருக்கும். எஸ்எஸ்எச் முதலில் படித்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, டெபியன் 12 முதல் நுழைவுகளைப் பதியும் பழைய ‘ஆத்.லாக்’ கோப்பு தானாக வராது, லாக் எல்லாம் ‘சிஸ்டம்டி’ (சர்வீஸ்களை இயக்கும் அமைப்பு) வைத்திருக்கும் ஜர்னலுக்குப் போகிறது. பழைய பாடத்தைப் பார்த்து, தப்புப் பாஸ்வேர்டு போட்டுக்கொண்டே இருப்பவர்களைத் தடுக்கும் ‘ஃபெயில்டுபேன்’ போட்டு, அது எழவே மாட்டேன் என்றால், அதன் ‘பேக்எண்ட்’ வரியில் ‘சிஸ்டம்டி’ என்று போடுங்கள்.

8. யாராவது ஒருவருக்கு ஒரு வேலையை உண்மையாகச் செய்துகொடுங்கள்

இது இல்லாமல் மற்றதெல்லாம் பரீட்சைப் படிப்பு.

எனக்குக் கிடைத்தவர் தங்கச்சிமடத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணன். கல்யாணப் படங்கள் எல்லாம் இரண்டு வெளி டிஸ்க்கில், மேஜை ஓரத்தில். ஒன்று ஏற்கெனவே கீழே விழுந்து போயிருந்தது. “தம்பி, இதுக்கு ஏதாச்சும் பண்ணேன்” என்றார். அவரிடம் இருந்த பழைய லேப்டாப்பில் டெபியன் போட்டு, மற்ற கணினிகளும் திறக்கும்படி சம்பா என்ற மென்பொருள் வழியாகப் பகிர்வு வைத்து, தினம் இரவு 2 மணிக்கு ‘ஆர்சிங்க்’ ஓடி இன்னொரு டிஸ்க்கில் நகலெடுக்கும்படி, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் எழுதினேன். வீட்டில் மூன்று நாள் சோதித்தேன். கச்சிதம்.

பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு நகல்கூட இல்லை. லாகில் 2 மணிக்கு ஒன்றுமே இல்லை. அன்று இரவு கடை அடைக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அண்ணன் சாமி படத்து விளக்கை அணைத்தார், மெயின் சுவிட்சை இறக்கினார், ஷட்டரை இறக்கினார். தினமும் அப்படித்தானாம். 11 மணிக்கெல்லாம் லேப்டாப் பேட்டரியும் தீர்ந்துவிடும். 2 மணிக்கு அங்கே சர்வரே இல்லை. கிரான் விட்ட நேரத்தைத் திரும்பிப் பார்க்காது. ‘சிஸ்டம்டி டைமர்’ எழுதி, ‘பெர்சிஸ்டன்ட்’ வரியை இயக்கினேன். இப்போது காலையில் கடை திறந்ததும், விட்டுப்போன வேலையை அது தானாகச் செய்கிறது.

அடுத்த மாதம் போன் வந்தது. “தம்பி, ஏர்வாடி கல்யாணம் எங்க?” உதவிக்கு வரும் பையன் தெரியாமல் அந்த ஃபோல்டரை அழித்திருக்கிறான். என் ஆர்சிங்க் ‘டெலீட்’ விருப்பத்தோடு ஓடியதால் நகலிலும் அப்படியே அழித்துவிட்டது. கேமரா கார்டில் பாதி மிச்சமிருந்ததால் தப்பித்தோம். அந்த வாரம் ‘ரெஸ்டிக்’ என்ற நகலெடுக்கும் மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். அது தினசரி நிலையைத் தனித்தனியாக வைத்திருக்கும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கல்யாணத்தை வேறு டிஸ்க்கில் மீட்டு, படம் திறக்கிறதா என்று அண்ணனையே பார்க்கச் சொல்கிறேன்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டால் அந்த வாரம் எந்த அப்கிரேடும் செய்யாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் பேக்கேஜ்கள் அரைகுறையாக நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது என் சட்டம்.

9. சான்றிதழ்த் தேர்வு: முதலில் உங்கள் இனிஷியலைச் சரிசெய்யுங்கள்

கட்டாயமில்லை. ஆனால் டிப்ளமோவோ கலைப்பட்டமோ படித்தவர்களுக்கு விண்ணப்பம் தள்ளுபடியாகாமல் இருக்க உதவும். எனக்குப் பிடித்தது ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ. மூன்று மணிநேரம், கொள்குறி வினா கிடையாது, முழுக்க முழுக்கச் செய்முறை. 300-க்கு 210 எடுக்க வேண்டும், மூன்று வருடம் செல்லும். செய்ததெல்லாம் மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிற்க வேண்டும். அதை மறந்துதான் பலர் தோற்கிறார்கள். பயிற்சிக்கு அவர்களுடைய தனிநபர் டெவலப்பர் சந்தா இலவசம், 16 இயந்திரம் வரை போட்டுக்கொள்ளலாம். கட்டணம் பல ஆயிரம் என்பதால் ஒன்பதாம் மாதத்துக்கு முன் கட்டாதீர்கள்.

எனக்கு வேறு ஒரு தேர்வில் நடந்ததைச் சொல்கிறேன். விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்குக் கடைசிப் பெயர் ஏது? அப்பா பெயரை முழுதாக எழுதினேன். என் அடையாள அட்டையில் இனிஷியல் மட்டும். தேர்வு நாளில் கேமராவில் அட்டையைக் காட்டினேன், பெயர் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். கட்டணம் போயிற்று.

அதனால் விண்ணப்பிக்கும் முன்பே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், பான், பாஸ்போர்ட் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில், விரித்து ஒன்றில் இருக்கும். கணக்குத் தொடங்கும்போது, தேர்வில் காட்டப்போகும் அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். பாஸ்போர்ட் இருந்தால் அதுதான் உத்தமம். சில தேர்வுகளில் படமும் கையொப்பமும் உள்ள அட்டை கேட்பார்கள், ஆதாரில் கையொப்பம் இல்லை. பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. நம் மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. போலீஸ் விசாரணைக்கும் சேர்த்து இரண்டு மாதம் முன்னதாகவே ஆரம்பித்துவிடுங்கள்.

வீட்டிலிருந்தே எழுதலாம் என்பார்கள். நம் ஊர்க் கரண்டை நம்பி மூன்று மணிநேரத்தைப் பணயம் வைக்க நான் தயாராக இல்லை. சென்னை போய் எழுதினேன்.

10. வேலை தேடும்போது

‘லினக்ஸ் அட்மின்’ என்று மட்டும் தேடினால் மூன்று வருட அனுபவம் கேட்பார்கள். டெக்னிக்கல் சப்போர்ட், என்ஓசி (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையம்), ஹோஸ்டிங் சப்போர்ட் என்ற பெயர்களில் தேடுங்கள். முதல் படி பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். எனக்கு ஆரம்பச் சம்பளம் 16,000. ரெஸ்யூமேயில் கட்டளைப் பட்டியல் எழுதுவதை விட, மெயின் சுவிட்ச் கதையை நான்கு வரியில் எழுதுங்கள். என்னை எடுத்தவர் அதைப் படித்துவிட்டு அரை மணிநேரம் அதிலேயே பேசினார்.

வளைகுடா வேலைக்கு ஏஜென்டு வழியாகப் போவதாக இருந்தால், அவர் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. கீழக்கரைப் பக்கம் இதெல்லாம் எல்லா வீட்டுக்கும் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

அசல் மதிப்பெண் பட்டியலை எந்த நிறுவனத்திலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். “ஒரு வருஷம் எங்ககிட்ட இருக்கட்டும்” என்று ஓரிடத்தில் கேட்டார்கள். என்னோடு வந்த பையன் கொடுத்துவிட்டான், நான் பஸ் ஏறிவிட்டேன். எட்டு மாதம் கழித்து அவனுக்கு வேறு வேலை கிடைத்தது, போக முடியவில்லை. சரிபார்க்க வேண்டும் என்றால் உங்கள் கண் முன்னால் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரட்டும். ஜெராக்ஸ் இரண்டு செட், சுய கையொப்பம் போட்டு, ஒரு பிளாஸ்டிக் உறையில். அந்த 40 ரூபாய் நோட்டையும் அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.